இன்ஜினியர் எல்பியோவின் அரியர்

பாசோ சௌசே நகராட்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் எல்பியோ தெச்சேரா வருவார். வருவார் என்பது சரியான சொல் இல்லை, எழுந்தருளுவார். இடது கக்கத்தில் சுடுதண்ணீர் ஃபிளாஸ்க், அதே கையில் மாத்தே என்கிற கசப்பு இலைத் தேநீர் நிரம்பிய சுரைக்குடுக்கை. வலது கையைப் பெட்டியின் தலையில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். வரி கட்ட வந்தவர்கள்கூட மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள்.

“யோசிக்குது. யாரும் தொந்தரவு பண்ணாதீங்க.”

குடுக்கையில் இருப்பதை உறிஞ்சி முடிக்கும்வரை பெட்டியை யோசிக்க விடுவார். பிறகு குனிந்து, அகன்ற முதுகால் எல்லாரையும் மறைத்துக்கொண்டு, பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுவார். பெட்டி உயிர்பெறும். “கட்டுப்படுத்தப்பட்ட மறுதொடக்கம்” என்று அறிவித்துவிட்டு, கசங்காத கோட்டோடு திரும்பிப் போவார். அவருடைய அறைக் கதவில் பித்தளைத் தகடு: இன்ஜினியர் எல்பியோ தெச்சேரா.

அந்தப் பித்தளையில் இருந்த பிழை எழுத்துப் பிழை அல்ல. எல்பியோ இன்ஜினியரே இல்லை. இளமையில் தலைநகர் மொண்டேவீடியோவுக்குப் போய்க் கம்ப்யூட்டர் டெக்னீஷியன் படிப்புப் படித்தார். எல்லாப் பாடமும் தேறினார், இயங்குதளம், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டம், என்ற ஒன்றைத் தவிர. அந்த ஒரு அரியரோடு அவர் ஊர் திரும்பிய வாரம்தான் நகராட்சிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. வயரை மாட்ட ஆள் தேடியபோது எல்பியோ மாட்டினார். திறப்பு விழாவில் மேயர், “நம் மண்ணின் பிள்ளை, இன்ஜினியர் தெச்சேரா” என்று முழங்கினார். மேயர் பேசும்போது குறுக்கே எழுந்து திருத்துவது மரியாதையா? பேச்சு முடிந்ததும் சுட்ட கறி வந்தது. கறி வெட்டும் நேரத்தில் இதையெல்லாம் கிளறுவது அதைவிட அவமரியாதை. எல்லாரும் கை கழுவி முடித்தபோது அவர் இன்ஜினியராகி விட்டிருந்தார். தகடு அடுத்த மாதம் வந்தது.

அதற்குப் பிறகு பல மேயர்கள் வந்து போனார்கள். எல்லாருக்கும் எல்பியோ கம்ப்யூட்டர் பிரிவின் தலைவராகவே இருந்தார். இப்போது வந்திருக்கும் மேயர் எதையாவது நவீனப்படுத்தாமல் தூங்கமாட்டேன் என்பவர். பிரிவுத் தலைவர்கள் எல்லாரும் ஆண்டு முடிவதற்குள் பட்டத்தின் நகலைத் தர வேண்டும் என்று உத்தரவு போட்டார். தராதவர்களுக்கு இடமாற்றம். எல்பியோவுக்கு எங்கே என்பதையும், ஊழியர் பிரிவு கிளாடிஸ் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

“கல்லறைப் பிரிவு, இன்ஜினியர். அமைதியான எடம். உங்க எடத்துக்குத் தலைநகர்லேருந்து ஒரு பையன் வர்றானாம்.”

கல்லறைப் பிரிவில் கம்ப்யூட்டர் கிடையாது. மறுதொடக்கம் கேட்டு யாரும் அங்கே வருவதும் இல்லை.

அன்று மாலை எல்பியோ தன் அறையில் உட்கார்ந்து, தன்னை ஃபெயிலாக்கிய கேள்வியை நினைத்துப் பார்த்தார். ஒரே ஒரு பிராசஸரை வைத்துக்கொண்டு பல புரோகிராம்களை இயங்குதளம் எப்படி ஓட்டுகிறது? மூன்று பேர் உட்கார்ந்த தேர்வு மேசைக்கு முன்னால் இளம் எல்பியோ மலர்ந்த முகத்தோடு விடை சொன்னார். நாலு பேர் கூடி ஒரே குடுக்கையில் குடிக்கும் மாத்தே வட்டம்போலத்தான். ஊற்றுகிறவர் குடுக்கையை முதல் ஆளிடம் கொடுப்பார். அவர் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சித் திருப்பிக் கொடுப்பார். மறுபடி நிரப்பி அடுத்த ஆளுக்கு. நடுவில் இருந்த தேர்வாளர் கேட்டார்: “ஒருத்தன் திருப்பிக் குடுக்கலேன்னா?” எல்பியோ கொஞ்சம் அதிர்ந்தே போனார். “அப்படியெல்லாம் செய்யமாட்டாங்க சார். அவ்வளவு மரியாதை தெரியாதவன் யாரு இருக்கா?”

ஃபெயில். அந்தத் தேர்வாளர் மேசையில் காபிக் கோப்பை இருந்ததை எல்பியோ இன்றுவரை மறக்கவில்லை. காபி குடிக்கிறவனுக்கு மாத்தேயைப் பற்றி என்ன தெரியும்?

பக்கத்து ஊரான தலாவில் தொழிற்பள்ளி ஒன்று மாலை வேளையில் பெரியவர்களுக்கு இதே பாடத்தை நடத்தியது. டிசம்பரில் மொண்டேவீடியோ போய்ப் பரீட்சை எழுதிக்கொள்ளலாம். எல்பியோ கோட்டு மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். மனைவி நிபியாவிடம் மாநாடு என்றார்.

வகுப்பு நடந்தது பழைய தச்சுப் பட்டறையில். கீபோர்டைத் தட்டினால் மரத்தூள் பறக்கும். ஆசிரியை யனினாவுக்கு எல்பியோவின் மகளாக இருக்கும் வயது. எல்பியோ கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டு, தான் பாடத்திட்டத்தின் தரத்தை மதிப்பிட வந்திருப்பதாகச் சொன்னார்.

“தாராளமா மதிப்பிடுங்க சார். வீட்டுப்பாடத்தை மட்டும் மறக்காம கொண்டுவாங்க” என்றாள் யனினா.

வகுப்பில் மாத்தே ஊற்றும் பொறுப்பு வில்மாருடையது. பால் லாரி ஓட்டுகிறவன். நாளெல்லாம் ஸ்டியரிங் பிடித்து முதுகு போய்விட்டது, உட்கார்ந்தபடி செய்கிற வேலை ஏதாவது கற்றுக்கொள்ள வந்திருந்தான். லாரியிலும் உட்கார்ந்துதானே இருக்கிறாய் என்று யாராவது கேட்டால் அது வேறு உட்காருவது என்பான். குடுக்கை எல்பியோவிடம் வந்த முதல் நாள், அவர் அதைக் கையில் ஏந்திக்கொண்டு தகவல் தொழில்நுட்பமும் நாட்டின் எதிர்காலமும் பற்றிப் பேசத் தொடங்கினார். நாட்டின் எதிர்காலம் நீண்டதாக இருந்தது. தண்ணீர் ஆறியது. மற்றவர்கள் குடுக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்ஜினியர், அது மைக் இல்ல” என்றான் வில்மார்.

எல்லாரும் சிரித்தார்கள். எல்பியோவும் பெரிய மனது பண்ணிச் சிரித்தார். ஆனால் பேச்சை முடித்த பிறகுதான் உறிஞ்சினார்.

மூன்றாம் வகுப்பில் யனினா நேரே விஷயத்துக்கு வந்தாள்.

“பிராசஸர் ஒண்ணுதான். இந்தக் குடுக்கைன்னு வெச்சுக்குங்க. குடிக்கறவங்க நெறைய பேர். யாருக்கு எப்போன்னு முடிவு பண்றது யாரு?”

“நான்” என்றான் வில்மார்.

“வேற யாராவது ஃபிளாஸ்க்கை எடுத்துத் தானே ஊத்திக்கலாமா?”

“கைய ஒடிச்சிருவேன்.”

“அதான் கெர்னல், சிஸ்டத்தோட மையம். ஃபிளாஸ்க்கைத் தொடற உரிமை அதுக்கு மட்டும். மத்தவங்களுக்கு வேணும்னா அதுகிட்ட கேக்கணும். இப்ப சொல்லுங்க, குடுக்கை எப்படிச் சுத்தி வருது?”

எல்பியோ எழுந்தார். இத்தனை வருஷம் காத்திருந்த விடை. ஒவ்வொருவரும் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத் திருப்பித் தருவார்கள் என்று நிறுத்தி, நிதானமாக, கை அசைவுகளோடு சொன்னார். யனினா மறுத்துப் பேசவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன மணியை எடுத்து மேசைமேல் வைத்தாள். முட்டை வேகவைக்கும்போது நேரம் வைக்கிற சமையலறை மணி, கோழி வடிவத்தில் இருந்தது.

“வில்மார், இது அடிச்சதும் குடுக்கை யார் கையில இருந்தாலும் வாங்கிடணும். குடிச்சாங்களா இல்லையான்னு பாக்கக்கூடாது.”

“டீச்சர், அப்படிப் பண்ணா எங்க ஊர்ல பேச்சுவார்த்தையே நின்னுடும்.”

“பண்ணு.”

குடுக்கை எல்பியோவிடம் வந்தது. இந்த முறை முற்றிலும் தவறானது என்று அவர் விளக்கத் தொடங்கினார். கோழி அடித்தது. வில்மார் கையை நீட்டி, பேசிக்கொண்டிருந்தவர் விரல்களிலிருந்து குடுக்கையை உருவினான்.

 ஒருவர் கையிலிருந்து மாத்தேயைப் பிடுங்கியதை அங்கே யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

“நான் ஒரு வாய்கூடக் குடிக்கல” என்றார் எல்பியோ.

“அடுத்த சுத்துல விட்ட எடத்துலேருந்து குடிக்கலாம் சார்” என்றாள் யனினா.

“பிடுங்கிட்டான்.”

“பிடுங்கணும். அதுதான் இன்னைக்குப் பாடம். புரோகிராம் நல்லவனா இருக்கும்னு சிஸ்டம் நம்பக்கூடாது. நம்பினா, ஒருத்தன் பேசிக்கிட்டே இருப்பான், மத்த அத்தனை பேரும் காத்துக்கிட்டே கெடப்பாங்க.”

அதற்குப் பிறகு குழப்பம்தான். பாதி குடித்த குடுக்கைகள் சுற்றி வந்தன. யார் எதுவரை குடித்தார்கள் என்பது வில்மாருக்கு நினைவில்லை. தன் மிச்சத்தை இன்னொருவர் குடித்துவிட்டார் என்று ஒரு பெண் சண்டைக்கு வந்தாள். “பாத்தீங்களா? பிடுங்கறதுக்கு முன்னாடி அவங்க நெலமைய எழுதி வெச்சுக்கணும்” என்றாள் யனினா. பிறகு மணியின் நேரத்தைக் குறைத்தாள். குடுக்கை கைமாறுவதிலேயே பொழுதெல்லாம் போயிற்று. ஒருவருக்கும் உதடு நனையவில்லை. “நேரம் ரொம்பச் சின்னதா வெச்சா இதான் கதி.” இன்னும் குறைக்கட்டுமா என்று கேட்டபோது எல்லாரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.

எல்பியோ கோட்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியேறினார். அடுத்த வாரம் அவர் மாநாட்டுக்குப் போகவில்லை.

வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் நிபியா வந்து நின்றாள்.

“என்ன கெழவா, இன்னைக்கு மாநாடு இல்லையா?”

“ஒத்திவெச்சுட்டாங்க.”

“தலாவுல என்ன மாநாடு? அந்த ஊர்ல ஆட்டு மந்தையத் தவிர எதுவும் கூட்டமா நின்னு நான் பாத்ததில்ல. பஸ் டிரைவர் எல்லாம் சொல்லிட்டான். கோழி மணி வரைக்கும்.”

எல்பியோவின் காது சிவந்தது. “என் கையிலேருந்து பிடுங்கினாங்க, நிபியா. மாத்தேயை.”

நிபியா சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகு சொன்னாள்: “கல்யாணம் ஆன நாள்லேருந்து உனக்கு ஊத்திக் குடுத்துட்டு, நீ பேசிப் பேசி அது ஆறிப்போறத பாத்துக்கிட்டு இருக்கேன். ஒரு மணி வெச்சா தீர்ந்துரும்னு எனக்குத் தோணல பாரு. அந்தப் பொண்ணு புத்திசாலி. போய்ப் படி.”

அவர் அதைப் பற்றி இரவு முழுக்க யோசித்தார் என்று சொன்னால் பொய். நன்றாகத் தூங்கினார். காலையில் பல் தேய்க்கும்போதுதான் அது உறைத்தது. இயங்குதளம் மரியாதையை நம்பி ஓடுவதில்லை. மரியாதை இல்லாதவன் ஒருவன் வருவான் என்று தெரிந்தே அது கட்டப்பட்டிருக்கிறது. அந்த ஒருவன் யார் என்று கண்ணாடியைப் பார்த்து யோசித்தபோது, வாயில் நுரையோடு நின்றிருந்த ஆளின் முகம் அவருக்குக் கொஞ்சம் பழக்கமானதாகத் தெரிந்தது.

எல்பியோ வகுப்புக்குத் திரும்பினார். முன் வரிசைக்கு வந்தார். கோட்டை ஆணியில் மாட்டினார். வீட்டுப்பாடம் செய்தார், பாதி தப்பாக. ஒரு கோப்பு டிஸ்க்கில் எங்கே எப்படிக் கிடக்கிறது, இரண்டு பேர் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தால் இருவரும் எப்படி அசையாமல் நின்றுபோகிறார்கள் என்பதெல்லாம் மெல்ல மெல்ல மண்டையில் ஏறின. ஏறும்போது ஒரு சுகம் இருந்தது. வருஷக்கணக்காக நெற்றியில் கை வைத்துப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்த நோயாளியின் உள்ளே ஈரலும் குடலும் இருப்பதை அவர் இப்போதுதான் பார்த்தார். பரவாயில்லை, அழகாகவே இருந்தன.

இதற்கிடையில் வரிப் பிரிவுக் கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. எல்பியோ போனார். கண்ணை மூடவில்லை, கையை வைக்கவில்லை. ஓடுகிற புரோகிராம்களின் பட்டியலைத் திறந்து பார்த்தார். பழைய ரசீது அச்சிடும் புரோகிராம் ஒன்று பிராசஸரை முழுசாகப் பிடித்து வைத்துக்கொண்டு விடாமல் இருந்தது. அதை மட்டும் முடித்து வைத்தார். மற்றதெல்லாம் மூச்சுவிட்டு ஓடத் தொடங்கியது.

“அவ்வளவுதானா?” என்றாள் வரிப் பிரிவுப் பெண்.

“அவ்வளவுதான்.”

“பிளக்கு?”

“எந்தப் பிளக்கு?”

 அவள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. வரிசையில் நின்றவர்களும் எதையோ குறைத்துக் கொடுத்துவிட்டதுபோல் காலை மாற்றி நின்றார்கள். போன தடவை நல்லா பாத்தாரு, இப்ப வயசாயிடுச்சு என்று யாரோ சொன்னது எல்பியோவின் காதில் விழுந்தது.

அந்தப் பக்கத்துக் கோடை மாதமான டிசம்பர் வந்தது. மொண்டேவீடியோவில் வெயில் கொளுத்தியது. தேர்வு மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் பெருட்டி அம்மையார், மூக்குக்கண்ணாடியைத் தலைமுடியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே மேசைமேல் தேடிக்கொண்டிருந்தார். எண் எழுதிய மர உருண்டைகள் போட்ட கூண்டைச் சுற்றிவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். எந்த எண் வருகிறதோ அந்தத் தலைப்பு. பிராசஸரைப் பங்கிடும் தலைப்பு வர வேண்டும் என்று எல்பியோ மனசுக்குள் கெஞ்சினார். மாத்தே, கோழி, பிடுங்கல் எல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தன.

உருண்டை விழுந்தது. மெமரி.

 எல்பியோவின் பழைய வழக்கம் கைகொடுக்க ஓடி வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “தகவல் புரட்சியின் இந்தக் காலகட்டத்தில், மனித குலத்தின் நினைவாற்றல் என்பது” என்று தொடங்கினார்.

“தெச்சேரா, நேரம் போகுது” என்றார் பெருட்டி.

எல்பியோ பாதி வாக்கியத்தில் நின்றார். நின்றதில் கோபம் வரவில்லை. கொஞ்சம் காற்று வந்ததுபோல்கூட இருந்தது. பிறகு சாதாரணமாகச் சொன்னார்.

“ஒவ்வொரு புரோகிராமும் மெமரி பூரா தனக்குத்தான்னு நெனச்சுக்கிட்டு இருக்கும் மேடம்.”

“நெசத்துல?”

“நெசத்துல நோட்டுமாதிரி பக்கம் பக்கமாப் பிரிச்சதுல, அங்க ஒண்ணு இங்க ஒண்ணா சில பக்கம்தான் அதுக்கு. அது சொல்ற முகவரி வேற, உண்மையான எடம் வேற. சிஸ்டம் ஒரு அட்டவணை போட்டு வெச்சிருக்கும். புரோகிராம் கேக்கும்போதெல்லாம் அதப் பாத்து மாத்திக் குடுத்துரும். புரோகிராமுக்கு ஒண்ணும் தெரியாது.”

“எதுக்கு இந்தப் பொய்?”

“ஒருத்தர் எடத்துல இன்னொருத்தர் கைவெக்காம இருக்க. அப்புறம், நிம்மதியா வேலை செய்யட்டுமேன்னுதான்.”

“சரி. அது கேக்கற பக்கம் மெமரியில இல்ல. இப்ப?”

“புரோகிராம் அங்கேயே நின்னுரும். சிஸ்டம் அத ஓரமா உக்கார வெச்சுட்டு, டிஸ்க்குல தேடிப் போய்ப் பக்கத்தை எடுத்துட்டு வரும். அதுவரைக்கும் மத்தவங்க வேலை நடக்கும். பக்கம் வந்ததும், நின்ன அதே எடத்துலேருந்து ஓட விட்டுரும்.”

“நிறுத்தி வெச்சாங்கன்னு அதுக்குத் தெரியுமா?”

“தெரியாது மேடம். ஆரம்பத்துலேருந்தே எல்லாம் தன்கிட்ட இருந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டு ஓடும்.”

இதைச் சொல்லும்போதே எல்பியோவுக்குள் ஏதோ இடறியது. இத்தனை காலம் ஊர் தன்னை இன்ஜினியர் என்று கூப்பிட்டபோது, கூப்பிட்டவர்கள் மனசுக்குள் அதை என்னவாக மாற்றிப் படித்துக்கொண்டார்கள்?

“டிஸ்க்குலயும் அந்தப் பக்கம் இல்லேன்னா?” என்றார் பெருட்டி.

கல்லறைப் பிரிவு எல்பியோவின் கண்முன் வந்து போனது. “அப்ப சிஸ்டம் அந்தப் புரோகிராமை முடிச்சு வெச்சுரும்” என்றார் தாழ்ந்த குரலில்.

மூவரும் தலையைச் சேர்த்துப் பேசிக்கொண்டார்கள். மதிப்பெண் பெருமைப்படும்படி இல்லை. தேர்ச்சிக் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். எல்பியோ அதைச் சொல்லக் கேட்டுவிட்டு வெளியே வந்து, கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து, தனக்குத்தானே ஊற்றிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் சூடாகக் குடித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அது சுட்டது.

ஆண்டு முடிகிற வாரம் பட்டம் வந்து சேர்ந்தது. கிளாடிஸிடம் நீட்டினார். அவள் மேசையின் அடி இழுப்பறையைத் திறந்து, பிஸ்கட் டப்பாவுக்குக் கீழேயிருந்து அவருடைய கோப்பை எடுத்தாள்.

“எல்லாரோடதும் போன மாசமே மேயர்கிட்ட போயிடுச்சு. உங்களோடது மட்டும் எப்படியோ அடியில சிக்கிக்கிச்சு.”

“எப்படியோவா?”

“டிசம்பர்லதான் பரீட்சைன்னு பஸ் டிரைவர் சொன்னான்.”

எல்பியோ நாற்காலியில் உட்கார்ந்தார். “கிளாடிஸ், நான் இன்ஜினியர் இல்லன்னு உனக்கு எப்போலேருந்து தெரியும்?”

“யாருக்குத்தான் தெரியாது? உங்க அரியரைப் பத்தி உங்க அம்மா கடைவீதி பூரா அழுதுட்டு வந்தாங்களே. நீங்க சந்தோஷமா இருந்தீங்க, பெட்டியும் ஓடுச்சு. அப்புறம் என்ன?” அவள் பட்டத்தைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் படித்தாள். “இதுல டெக்னீஷியன்னு இருக்கு.”

“ஆமா. டெக்னீஷியன்தான்.”

“சரி இன்ஜினியர், இங்க ஒரு கையெழுத்து.”

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை, அதன் வரலாற்றுப் பின்னணியோடு, அவளுக்கு விளக்க எல்பியோ வாயைத் திறந்தார். பின்னால் யாரோ இருமினார்கள். திரும்பிப் பார்த்தார். விடுமுறை மனு, பென்ஷன் மனு என்று கையில் தாளோடு ஆட்கள் கதவு வரை நின்றிருந்தார்கள்.

வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். எழுந்து நாற்காலியை அடுத்த ஆளுக்கு விட்டார்.